தூக்க விடாத அக்கா

அவரை ஓர் இடத்துக்குப் பாடக் கூட்டிக்கொண்டு போவதென்றால், முதல்நாளே நான் போய் அந்த இடத்தோடு சண்டை பிடித்துவிட்டு வரவேண்டும். வாசல் எப்படி, நிலம் சமமா, மழை பெய்தால் சேறாகுமா, கழிவறைக் கதவு அகலமா ஒடுக்கமா என்று எல்லாம் பார்த்து வைத்திருக்க வேண்டும். நாடகம் எதைப் பற்றியது, யார் யார் நடிக்கிறார்கள், சாப்பாடு தருவார்களா என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். "எதால உள்ளுக்குப் போறது புள்ள?" இதுதான் முதல் கேள்வி. என் பதில் பிடிக்காவிட்டால் அதுவே கடைசிக் கேள்வியும் ஆகிவிடும், ஏனென்றால் அன்று அவர் வரமாட்டார்.

எங்கள் நாடகக் குழுவுக்கு நான் செயலாளர். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு தொண்டை வற்றக் கத்திவிட்டு, மிஞ்சிய நேரத்தில் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிவதுதான் அந்தப் பதவி. மன்னிப்புக் கேட்டதில் முக்கால்வாசி அவர் பொருட்டுத்தான். குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட வயது கூடிய அண்ணாவியார், எங்களுக்கு மத்தளம் அடித்து ஆட்டமும் பழக்குகிறவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பெயரை இங்கே எழுதலாம். ஆனால் "என்னைக் கேட்டா எழுதினாய்?" என்று கேட்பாரே என்று இன்னும் பயமாக இருக்கிறது. ஆள் உலகத்தை விட்டுப் போய்ச் சில வருடங்களாகியும் அந்தப் பயம் போகவில்லை.

கல்லடியில் வீட்டோடு தையல். பள்ளிக்கூட யூனிபோர்ம், கல்யாணச் சட்டை, எங்கள் நாடகத்து ராசா உடுப்பு எல்லாம் அவர் கைதான். குழந்தையில் போலியோ வந்து இரண்டு காலும் பலமில்லாமல் போனவர். இரும்புச் சப்பாத்துப் போட்டு, ஊன்றுகோல் இரண்டையும் பிடித்துச் சமதரையில் மெதுவாக நடப்பார். தூரம் போவதென்றால் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டி. படி மட்டும் ஏலாது. குரலோ மைக் கேட்காத குரல். அவர் வாய் திறந்தால் கடற்கரையில் வலை இழுக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் இவ்வளவு கரைச்சலையும் பொறுத்தோம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு ஒரு நல்ல குணம் இருக்கிறது. படியைக் கண்டால் பக்கத்தில் ஒரு பலகை போடுவோம் என்று ஒருத்தருக்கும் தோன்றாது. சேர்ட் கையை மடித்துவிடத்தான் தோன்றும். "அதுக்கென்ன, நாங்க தூக்கிவிடுவம்தானே" என்பார்கள். கோயிலில், கல்யாண வீட்டில், வங்கியில், எங்கே போனாலும் நாலு பேர் சிரித்த முகத்தோடு வந்து நிற்பார்கள். உண்மையான அன்புதான், குறை சொல்ல ஏலாது. இவர் ஊன்றுகோலை நிலத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். "தம்பி, கைய எடு. நான் சாமியும் இல்ல, நெல்லு மூட்டையும் இல்ல." வந்தவர்களுக்கு முகம் கறுத்துவிடும். பிறகு அந்த முகங்களைச் சமாதானம் செய்வது யார்? செயலாளர்.

மண்டூரில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். கிழக்கில் சண்டை ஓய்ந்து, வாவிக்கு மேற்கே போய்வரலாம் என்று ஆன காலம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாடகம் போடக் கேட்டிருந்தார்கள். தூரம் என்பதால் நான் முதல்நாள் போய்ப் பார்க்கவில்லை, போனில் கேட்டேன். உள்ளே வர வசதி எப்படி என்று கேட்டதற்கு, "ஒரு பிரச்சினையும் இல்ல டீச்சர், எங்கட பொடியன்கள் நிறைய இரிக்காங்க" என்றார் அதிபர். பொடியன்கள் எதற்கென்று எனக்குத் தெரியும்.

வாவியைக் கடக்க மிதவைப் படகு. எங்கள் பக்கத்தில் அதைப் பாதை என்று சொல்வோம். அதில் அவருடைய வண்டி ஒரு கரைச்சலும் இல்லாமல் ஏறிவிட்டது, மோட்டார் சைக்கிளும் மாடும் ஏறுவதற்கென்று சரித்துப் போட்ட பலகை இருந்ததே. நடு வாவியில் காற்று வாங்கிக்கொண்டு, "மாடு போற இடமெல்லாம் நான் போவன் புள்ள. மனுசர் போற இடம்தான் கரைச்சல்" என்றார். எங்கள் குழுப் பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயந்தது போலவே ஆயிற்று. மழை வெள்ளத்துக்குப் பயந்து அந்த மண்டபத்தை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். வாசலில் படிகள், படிகளில் பொடியன்கள், பொடியன்களின் சேர்ட் கைகள் மடித்தபடி. இவர் வண்டியை வேப்பமரத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். உள்ளே சனம் நிறைந்துவிட்டது. வயல் வட்டைக்குள் வேளாண்மை வேலை முடித்துக் குளித்து வந்தவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் கெஞ்சினேன். இந்த ஒருமுறை மட்டும் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு இருங்க, அரை நிமிசத்தில் உள்ளே என்றேன். கண்ணை மூடத் தேவையில்லை, மரத்துக்குக் கீழே நல்ல காற்று வருகிறது என்றார்.

என்ன தாமதம் என்று பார்க்க ஒரு பெரியவர் வெளியே வந்தார். அக்கா அவரைப் பார்த்து, "ஒண்ணுமில்ல பெரியப்பா. என்னைத் தூக்கப் போறாங்களாம். நான் பாரம். கதிரை பாரமில்லத்தானே, அதைத் தூக்கச் சொல்லுங்க" என்றார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய் ஒரு கதிரையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் முழு மண்டபமும் கதிரையோடு இறங்கி வந்தது. நாடகம் முற்றத்தில்தான் நடந்தது, சனம் கொண்டாடித் தீர்த்தது. இரண்டு நாளாகக் கடதாசிப் பூ ஒட்டி மண்டபத்தை அலங்கரித்த அதிபர் எங்களுக்குத் தேநீர்கூடத் தரவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டு நான் இரண்டு முறை போனில் பேசினேன். இவர் வழிநெடுக அன்றைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

குழு தொடங்கியது சுனாமி முகாமில். கல்லடிச் சனம் பள்ளிக்கூடங்களில் கிடந்தபோது, பிள்ளைகளை எதிலாவது ஈடுபடுத்த வேண்டும் என்று நானும் வேறு சிலரும் கதை சொல்லி ஆடிப்பாடத் தொடங்கினோம். அண்ணாவியார் வந்து மத்தளத்தை வைத்தார். கூத்துக்குச் சனம் சுற்றிவர இருக்கும், நடுவில் ஆடுவார்கள், அந்த வட்டத்தைக் களரி என்போம். அப்படியே முகாம் முற்றத்தில் களரி போட்டோம். அக்காவும் அந்த முகாமில்தான் இருந்தார். ஒரு நாள் பக்கப்பாட்டுக்குக் குரல் கொடுத்தவர், அண்ணாவியாருக்குப் பக்கத்துப் பாயில் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டார். பிறகு கடற்கரைப் பக்கத்து முகாம்களுக்குப் போனோம். மணலில் ஊன்றுகோல் புதைந்தது. யாரோ கிடுகு கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள், பின்னிய தென்னோலையில் ஊன்றி ஊன்றி நடந்துபோனார். அதைப் பற்றி அன்று ஒருத்தரும் ஒரு கூட்டம் வைக்கவில்லை, ஒரு பெயரும் வைக்கவில்லை.

சுனாமி வந்த காலையில் அவர் தையல் மெசினுக்கு முன்னால் இருந்தாராம். யாரென்றே தெரியாத ஒரு மனிதன் ஓடிவந்து, கேட்காமல் கொள்ளாமல் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான். ஒரு மாடிவீட்டின் மேலே கொண்டுபோய் இருத்திவிட்டுத் திரும்பவும் கீழே இறங்கியவனை அவர் அதன்பிறகு காணவில்லை. அன்று அவருடைய அம்மாவைக் கடல் கொண்டுபோனது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் இங்கே எழுதப் போவதில்லை.

இதைக் கேள்விப்பட்ட பிறகு எங்கள் பெடியன்கள் ஒரு கதை கட்டிவிட்டார்கள். அந்த மனிதனை நினைத்துத்தான் அக்கா வேறு யாரையும் தூக்க விடுவதில்லை என்று. சொல்லும்போது ஒருவனுக்குக் கண்ணும் கலங்கியது. எனக்கும் அது நம்புகிற மாதிரித்தான் இருந்தது. ஒருநாள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டேன். ஊசியை வாயிலிருந்து எடுத்தார்.

"விசர்க் கதை கதைக்காத. சுனாமிக்கு முதலும் எனக்குத் தூக்கினாப் பிடிக்காது. உசிரு போற நேரம் தூக்கலாம், அது வேற. நாடகத்துக்குப் போறதுக்கு ஏன் புள்ள தூக்கணும்?"

திரும்ப ஊசியை வாயில் வைத்துக்கொண்டார்.

சண்டை திரும்பத் தொடங்கிய நாட்களில் கல்லடிப் பாலத்தில் சோதனைச்சாவடி. எல்லோரும் வாகனத்தால் இறங்கி நடந்து கடக்க வேண்டும். இவருடைய வண்டியைக் கண்டதும் காவலுக்கு நின்ற இளம் ஆமிக்காரன் துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு இரண்டு கையையும் நீட்டினான், தூக்கத்தான். "எப்பா மல்லி" என்றார், வேண்டாம் தம்பி என்று அவனுடைய பாசையில். அவன் ஒரு நொடி முழித்துவிட்டு வழியை விட்டான். இவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் வரிசையாகப் பின்னால் நடந்தோம். ஒரு நாளைக்கு இந்த அக்கா எங்களைச் சுட வைக்கப் போகிறா என்று அண்ணாவியார் என் காதில் சொன்னார்.

சுனாமிக்குப் பிறகு வெள்ளை வாகனத்தில் வந்து இறங்காத தொண்டு நிறுவனம் இல்லை. அவர்களோடும் இவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு நிறுவனத்தில் வேலை செய்த இளம் பிள்ளை வீட்டுக்கு வந்து, கால் இப்படியானது சுனாமியாலா யுத்தத்தாலா என்று கேட்டது. இரண்டாலும் இல்லை என்றதும் அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை. பேனையைக் கையில் பிடித்தபடி முழித்தது. "பாவம், எனக்கு எப்பிடியாவது சுனாமியால வந்திருக்கலாமே எண்டு அதுக்கு ஆசை" என்று பிறகு சொல்லிச் சிரித்தார்.

அந்த நிறுவனம்தான் பிறகு எங்களைக் கூப்பிட்டது. கலை நிகழ்ச்சிகளில் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொள்வது எப்படி என்று ஒரு பயிற்சிப் பட்டறை. அவர் வளவாளர், அதாவது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர். நகரத்தில் ஒரு விடுதி. முதல்நாள் போய்ப் பார்த்தேன், கீழ் மண்டபம், நிலம் சமம், திருப்தியோடு வந்தேன். மறுநாள் போனால் பட்டறையை மேல்மாடிக்கு மாற்றிவிட்டார்கள், கீழே கல்யாணமாம். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பதாகையைக் கிழித்திருப்பேன். பொறுப்பாக இருந்தவர் என்னைச் சமாதானப்படுத்தினார். "அதுக்கென்ன மெடம், ஆக்கள் இரிக்காங்க, தூக்கிவிடுவம்."

இவர் சண்டை பிடிக்கவில்லை. நீ போய் இருந்து கேட்டுவிட்டு வா என்று என்னை மேலே அனுப்பினார். நானும் போய், வளவாளர் இல்லாத பட்டறையில் பின்னேரம் வரை இருந்து தொலைத்தேன். இறங்கி வந்து பார்த்தால், கீழே, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் வீட்டுக் கல்யாணத்தில் வயலின்காரருக்குப் பக்கத்தில் இவர் நடுநாயகமாக இருந்து பாடிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளையின் பெரியப்பா கைதட்டுகிறார். கல்யாணப் பொம்பிளை வந்து கேக் கொடுத்துவிட்டுப் போகிறாள். என்னைக் கண்டதும், "எங்களுக்குக் கேக் தந்தாங்க. மேல உங்களுக்கு என்ன தந்தாங்க?" என்று கேட்டார். பைலும் பேனையும் என்றேன்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு ஆசை இருந்தது. அது எங்களுக்கு யுத்தம் முடிந்த அடுத்த வருடம்தான் தெரியவந்தது.

நகரத்தில் ஒரு கலாமன்றம் தன்னுடைய பழைய மண்டபத்தைத் திருத்திக் கட்டியது. திறப்புவிழாவுக்கு எங்கள் நாடகம் வேண்டும் என்று கேட்டார்கள். மன்றத் தலைவர் ஓய்வு பெற்ற அதிபர், நல்ல மனிதர், வெள்ளை வேட்டி, வாய் நிறையத் தமிழ். எங்கள் பாட்டுக்காரி வருவதென்றால் சாய்தளம் வேண்டும் என்று நான் நிபந்தனை போட்டேன். முகம் சுளிப்பார் என்று பார்த்தால், "செய்வமே மகள். காசு தாற ஆக்களும் அதைத்தான் கேக்கிறாங்க" என்றார். மேடைக்கும்தானே ஐயா என்று கேட்டேன். எல்லாம் செய்கிறோம் என்றார். இரண்டு கிழமை கழித்துப் போனேன். வாசலில் அகலமான சாய்தளம் பூசி முடித்திருந்தது. மேடைப் பக்கம் சாரம் கட்டி, சீமெந்துப் பையெல்லாம் குவிந்து கிடந்தது. அது எப்போது முடியும் என்று கேட்டதற்கும் எல்லாம் செய்கிறோம் என்றுதான் சொன்னார்.

போய்ச் சொன்னேன். அன்றைக்கு முதன்முதலாக அவர் எதால உள்ளுக்குப் போறது என்று கேட்கவில்லை. திரை இருக்கா, அதை யார் இழுப்பது, திறக்கும்போது நான் நிற்கிறதா இருக்கிறதா, லைட் கண்ணுக்குள் அடிக்குமா என்று கேட்கத் தொடங்கினார். நாளுக்கு நாலுமுறை போன் எடுத்துக் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. புதுச் சேலை ஒன்று வாங்கி, மயில்நீலம், சட்டையைத் தானே மூன்று தரம் தைத்துத் தைத்துப் பிரித்தார். ஒழுங்கையில் போகிற வருகிற ஆட்களிடமெல்லாம், மீன்காரரிடம்கூட, "மேடையில ஏறிப் பாடப் போறன்" என்று சொன்னார். இவ்வளவு காலமும் முற்றத்திலும் மணலிலும் பாயில் இருந்து பாடியவர். மேடையில் ஒருநாளும் ஏறியதில்லை.

திறப்புவிழா காலையில். நானும் அவரும் வெள்ளனவே போய்விட்டோம். போனால் சாய்தளத்தின் உச்சியில் நிறைகுடம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கரையில் குலையோடு வாழைமரம். சாய்தளம் முழுவதும், மேலிருந்து கீழ்வரை, கலர் பொடியில் கோலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விடியற்காலையில் இருந்து குந்தியிருந்து போட்டதாம். மண்டபத்திலேயே வடிவான இடம் அதுதானாம், பிரதம விருந்தினரை அதால்தான் அழைத்துப்போகப் போகிறார்களாம். அவருக்காகக் கட்டிய வழியில் அவர் மட்டும் போக ஏலாது. தலைவர் ஓடிவந்து, விருந்தினர் வந்து ஏறியதும் எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம், ஐந்து நிமிடம் என்றார்.

நான் வாயைத் திறக்க முதல் அவர் என் கையைப் பிடித்தார். "விடு. புள்ளையள் பாடுபட்டுப் போட்ட கோலம். இரிப்பம்." இந்த மனிசிக்கு என்ன வந்தது என்று பார்த்தேன். வெயில் ஏறியது. பிரதம விருந்தினர் என்றைக்கு நேரத்துக்கு வந்தார்கள்? வந்தார், மாலை போட்டார்கள், மேளம் அடித்தார்கள், கோலத்தின் மேல் சப்பாத்துக் காலோடு ஒரு ஊர்வலம் போனது. கடைசி ஆளும் போன பிறகு, கலர் பொடியெல்லாம் தேய்ந்து கலங்கிக் கிடந்த சாய்தளத்தில் அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு மேலே போனார். சேலைத் தலைப்பை ஒருமுறை சரிசெய்துகொண்டார். அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன்னால் கண்டதில்லை.

உள்ளே முன்வரிசையில் ஒரு இடம் விட்டு, விசேட விருந்தினர் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். போர்த்துவதற்குப் பொன்னாடையும் தயார். அதற்கு நேர் முன்னால் மேடை. இடுப்பளவு உயரம். பக்கத்தில் பளபளவென்று புது மாபிள் பதித்த படிகள். வேறு ஒன்றுமில்லை.

தலைவரிடம் போனேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குக் கோபம். அவர் சாய்தளம் போட்டிருக்கிறோமே மகள், எல்லோரும் வந்து பார்க்கலாம் என்றார். பாடுகிறவர்கள் என்று கேட்டேன். அந்த மனிதர் படியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "பாடுற ஆக்கள் சுகமான ஆக்கள்தானே எண்டு..." சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பொய் சொல்லவில்லை. நான் அவ்வளவு சொல்லியும் அப்படித்தான் அவர்கள் நினைத்திருந்தார்கள். பார்க்க வருபவர்களில் நடக்க மாட்டாதவர்கள் இருப்பார்கள் என்பதுவரை யோசித்த மூளை அதற்கு மேலே யோசிக்கவில்லை.

எங்கள் பெடியன்கள் சேர்ட் கையை மடிக்கத் தொடங்கினார்கள். அவர் ஊன்றுகோலைத் தட்டவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பிரதம விருந்தினரும் பரிவாரமும் மெத்தைக் கதிரைகளில் இருந்து கைக்கடிகாரம் பார்த்தார்கள். அப்போதுதான் அண்ணாவியார் எழும்பினார். மேடையில் வைத்திருந்த மத்தளத்தை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "எங்கட கூத்துக்குக் களரிதான் மரபு. நாங்க கீழ இறங்குவம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு இறங்கினார். சல்லாரித் தாளம் போடுகிறவன் இறங்கினான். வேசம் கட்டியவர்கள் சலங்கையோடு இறங்கினார்கள். சனம் தானாகவே கதிரைகளைப் பின்னுக்கு இழுத்து வட்டம் விட்டது. கைதட்டல் கூரையைப் பிரித்தது. மேடையில் இருந்தவர்களுக்கு எங்கள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். எனக்குப் பெருமையில் அழுகை வந்துவிட்டது.

அவர் பாடினார். வழமை போல நன்றாகத்தான் பாடினார்.

முடிந்ததும் தலைவர் மைக்கைப் பிடித்து முன்மாதிரி, மரபு, மனிதநேயம் என்று நீட்டி முழக்கிவிட்டு, அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். சனம் பற்றிசும் றோல்சும் தேநீருமாக வெளியே போனது. நான் அவரிடம் ஓடினேன். நன்றி சொல்லப் போகிறார் என்றுகூட நினைத்தேன். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"உங்களை ஆர் கீழ வரச் சொன்ன?"

இவ்வளவு பேர், விருந்தினர் உட்பட, இவருக்காக இறங்கி வந்திருக்கிறார்கள். இதிலும் குறையா? என் வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மண்டூரில் நீங்கள்தானே முழுச் சனத்தையும் வெளியே வரப்பண்ணினீர்கள் என்றும் கேட்டேன்.

"மண்டூரில மேடை இல்ல. அங்க உள்ளயும் தரை, வெளியயும் தரை." குரலை உயர்த்தவில்லை. "நான் மேல வரத்தான் கேட்டன் புள்ள. களரியில எவ்வளவு காலம் பாடிட்டன். ஒருத்தராவது ஒரு பலகை தேடிப் பாத்தீங்களா? வெளியில சாரம் கட்டின பலகை அடுக்கி வெச்சிரிக்கு, நான் கண்டன். நீங்க எல்லாரும் நல்ல ஆக்களாகி இறங்கி வந்திட்டீங்க. மறுகா எனக்குப் பாடாம இரிக்க ஏலுமா?"

மண்டபத்தில் எங்களைத் தவிர ஒருத்தரும் இல்லை, வெளியே தேநீர்க் கோப்பைச் சத்தம் கேட்டது. அவர் வண்டியைப் படியடிக்குக் கொண்டுபோனார். ஊன்றுகோல் இரண்டையும் என் கையில் தந்தார். பிறகு முதல் படியில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உடம்பை எடுத்து அடுத்த படியில் வைத்தார். காலைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டார். இரும்புச் சப்பாத்து மாபிளில் உரசியது. நான் கிட்டப் போனேன்.

"தொடாத."

மயில்நீலச் சேலை முழுதும் சீமெந்துத் தூசி. எனக்கு ஆற்றாமையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஏறத் தெரியும் என்றால் அப்போதே ஏறியிருக்கலாமே அக்கா, எல்லோருக்கும் முன்னால் என்று கேட்டேன்.

"சனத்துக்கு முன்னால குண்டியால இழுபட்டா? மறுகா என்ட பாட்டை ஆர் கேக்கிற? ஊரு முழுக்க நான் ஏறினதத்தான் கதைக்கும்."

மேலே போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கினார். ஊன்றுகோலைக் கொடுத்தேன். எழும்பி, மெதுவாக நடந்து, நடுமேடைக்குப் போய்ச் சனம் இருக்கிற பக்கம் திரும்பினார். அங்கே கலைந்துகிடந்த கதிரைகள்தான் இருந்தன. நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாங்க போவம், மண்டபம் பூட்டப் போகிறார்கள் என்றேன்.

"பொறு. இஞ்ச இருந்தாக் கடைசி வரிசைவரைக்கும் தெரியுது." சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பார்த்தார். "பாயில இரிந்து பாடுறனே, எனக்கு முன்னால எப்பவும் ஆடுற ஆக்கள்ட காலுதான். காலும் சலங்கையும். இவ்வளவு காலமும் களரியில பாடிட்டன், என்ட பாட்டைக் கேக்கிற ஆக்கள்ட முகத்த நான் பாத்ததில்ல."

எத்தனை முகாம், எத்தனை முற்றம். அவர் எப்போதும் அந்தப் பாயில், அண்ணாவியாருக்குப் பக்கத்தில். நான் வட்டத்துக்கு வெளியே நின்று சனத்தின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் பாடும்போது கிழவிகள் அழுவதும், பிள்ளைகள் வாயைத் திறந்தபடி இருப்பதும் எனக்கு மனப்பாடம். அவருக்குத் தெரியாது. நானும் ஒருநாளும் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியதுமில்லை, அவருக்கும் தெரியும் என்றே இருந்துவிட்டேன்.

அந்த மேடைக்கு இன்றைக்கும் படிதான் இருக்கிறது. கேட்டால் எல்லாம் செய்கிறோம் என்கிறார்கள்.

அன்று நான் படியால் இறங்கி, கதிரைகளைத் தள்ளிக்கொண்டு மண்டபத்தின் மறுமுனை வரை நடந்தேன். கடைசி வரிசையில் ஒரு கதிரையை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து கத்தினேன்.

"தெரியுதா அக்கா?"

"தெரியுது. மூஞ்சய உம்மெண்டு வெச்சிரிக்காய். நேரா இரு, பாடப் போறன்."